எலக்ட்ரிக் கிட்டார்: எது பழசாக இருக்கலாம், எது புதுசாக இருக்க வேண்டும்

எலக்ட்ரிக் கிட்டாரின் அடிப்படை அமைப்பு எழுபது ஆண்டுகளாக அதிகம் மாறவில்லை. ஃபெண்டர் 1950-இல் பிராட்காஸ்டர் என்ற பெயரில் விற்ற கிட்டார், அடுத்த ஆண்டே டெலிகாஸ்டர் ஆனது. 1952-இல் கிப்சனின் லெஸ் பால் வந்தது, 1954-இல் ஸ்ட்ராடோகாஸ்டர். 1957-இல் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர் பிக்கப்புகள் (பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பாகம்) கிப்சன் கிட்டார்களில் ஏறின. இன்று கடையில் தொங்கும் கிட்டார்களில் பெரும்பாலானவை இவற்றின் வழிவந்தவைதான். உள்ளே இருப்பது காந்தம், செம்புக் கம்பிச் சுருள், வால்யூம் கன்ட்ரோல், டோன் கன்ட்ரோல், ஒரு கெப்பாசிட்டர், ஒரு சுவிட்ச், ஒரு ஜாக். அவ்வளவே. சால்டரிங் தெரிந்த ரேடியோ மெக்கானிக் எவரும் அரை மணி நேரத்தில் புரிந்துகொண்டு பழுதுபார்க்கக்கூடிய சுற்று இது.

இதற்குள் மின்னணுவியலைத் திணிக்கும் முயற்சிகள் அவ்வப்போது நடக்கின்றன. கிப்சன் 2007-இல் தானாகச் சுருதி சேர்த்துக்கொள்ளும் ரோபோ கிட்டாரை வெளியிட்டது. 2015-இல் அதே வழியில் ஜி-ஃபோர்ஸ் என்ற மோட்டார் ட்யூனரை (தந்தியை முறுக்கும் திருகாணியை மோட்டார் திருப்பும்) தன் அமெரிக்கத் தயாரிப்புகளில் பெரும்பாலானவற்றில் பொருத்தியே விற்றது. வாசிப்பவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டே சாதாரண ட்யூனர் கொண்ட பாரம்பரிய வரிசை தனியாகத் திரும்பி வந்தது. அந்த மோட்டார் ட்யூனர்களுக்கென்றே தனி பேட்டரி, தனி சார்ஜர், தனி சர்க்யூட் போர்டு உண்டு. அவை பழுதானால் மாற்று தேடி அலைய வேண்டும். 1954-ஆம் ஆண்டு ஸ்ட்ராடோகாஸ்டரின் வால்யூம் கன்ட்ரோல் பழுதானால் 250 கிலோ ஓம் கன்ட்ரோல் ஒன்றை வாங்கிப் பொருத்தினால் போதும்.

எனவே புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் விதி இது: சீக்கிரம் காலாவதியாகும் எதையும் கிட்டாருக்கு வெளியே வையுங்கள். மாடலர் (ஆம்ப் எனும் ஒலிபெருக்கியின் ஒலியை டிஜிட்டலாகப் போலச்செய்யும் கருவி), பெடல் (காலால் அழுத்தி ஒலியை மாற்றும் பெட்டி), மென்பொருள் எல்லாம் எவ்வளவு புதிதாக வேண்டுமானாலும் இருக்கட்டும். கிட்டார் மட்டும் மரமும் காந்தமும் கம்பியுமாக எளிதாக இருக்கட்டும். கிட்டாரிலேயே ஏற்கத்தக்க புதுமைகளும் உண்டு. அவை பெரும்பாலும் இயந்திர வகை, மின்னணு வகை அல்ல.

முதல் படி: பிக்கப் வகையைத் தீர்மானியுங்கள்

மர நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து மயங்குவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது, சிங்கிள் காயிலா ஹம்பக்கரா என்பதுதான். சிங்கிள் காயில் பிக்கப் ஒரே சுருள். ஒலி கூர்மையாக, தந்தி தந்தியாகப் பிரிந்து கேட்கும். ஆனால் அந்தச் சுருள் ஒரு ஆன்டெனாவும்கூட. சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் காந்தப்புலத்தை அப்படியே பிடித்து 'ம்ம்ம்' என்று உறுமும். ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள். ஒன்றின் சுற்றுத் திசையும் காந்த முனையும் மற்றதற்கு நேர் எதிர். தந்தியின் அதிர்வு இரண்டிலும் கூடிக்கொள்ளும், வெளியிலிருந்து வரும் உறுமல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

நம் வீடுகளில் இது வெறும் கோட்பாடு அல்ல. எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், மலிவான எல்.ஈ.டி. விளக்கு, மின்வெட்டின்போது ஓடும் சதுர அலை இன்வெர்ட்டர், இவை மூன்றும் சிங்கிள் காயில் கிட்டாரில் எரிச்சலூட்டும் 'ஜ்ஜ்ஜ்' சத்தத்தை உண்டாக்கும். ஒலியைக் கரடுமுரடாக்கும் டிஸ்டார்ஷன் வைத்து வாசிப்பவருக்கு அது பல மடங்காகும். கிட்டாருக்குள் செம்புத் தகடு ஒட்டிக் கவசம் போட்டால் இந்த 'ஜ்ஜ்ஜ்' குறையும். ஆனால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் குறையாது, ஏனென்றால் அது காந்தப்புலம். மெல்லிய செம்புத் தகடு அதைத் தடுக்காது. பலர் கவசம் போட்ட பிறகும் உறுமல் போகவில்லை என்று குழம்புவது இதனால்தான். உட்கார்ந்த இடத்தில் கிட்டாரை மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் உறுமல் வெகுவாக அடங்கும்.

எந்த இசை என்று இன்னும் முடிவாகாதவர் பிரிட்ஜ் (உடலில் தந்திகளைத் தாங்கும் பாலம்) பக்கம் ஹம்பக்கரும் மற்ற இரண்டு இடங்களில் சிங்கிள் காயிலும் உள்ள கிட்டாரை எடுக்கலாம். யமஹா பசிஃபிகா 112வி இந்த அமைப்புக்கு நல்ல உதாரணம். டோன் குமிழை மேலே இழுத்தால் ஹம்பக்கரின் ஒரு சுருள் மட்டும் வேலை செய்யும்.

ஆக்டிவ் பிக்கப் என்று ஒரு வகை உண்டு. உள்ளே சிறிய ப்ரீஆம்ப், அதற்கு 9 வோல்ட் பேட்டரி. இரைச்சல் குறைவு, நீளமான கேபிளிலும் ஒலி மங்காது. ஹெவி மெட்டல் இசை வாசிப்பவர்களுக்கு நியாயமான தேர்வு. ஒன்றை மட்டும் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்: கேபிளைச் செருகியிருக்கும் வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். இந்தக் கிட்டார்களில் ஜாக்தான் பேட்டரியின் சுவிட்ச். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். ஒலி திடீரென மெலிந்து கரகரத்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள், ஆம்பை அல்ல.

இரண்டாம் படி: கையில் எடுத்துச் சோதிப்பது

புதிய கிட்டார், பழைய கிட்டார் இரண்டுக்கும் இதே சோதனை. சுருதி காட்டும் ட்யூனர் கருவி, மி.மீ. அளவுகோல், சிறிய டார்ச், மல்டிமீட்டர் கொண்டு போங்கள். ஆம்ப் இல்லாமலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

முதலில் நெக், அதாவது கிட்டாரின் நீண்ட கழுத்து. கிட்டாரின் அடிப்பக்கத்திலிருந்து தலையை நோக்கி, துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் ஒற்றைக் கண்ணால் பாருங்கள். நெக் லேசாக உட்குழிந்திருக்கலாம், அது டிரஸ் ராடால் (நெக்குக்குள் ஓடி, அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பி) சரியாகும். ஒரு பக்கம் மட்டும் முறுக்கிக்கொண்டு திரும்பியிருந்தால் டிரஸ் ராட் உதவாது. எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.

அடுத்து ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஒருமுறை மீட்டுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் தவிர்க்காதீர்கள். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் கணகணத்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் உயர்ந்து நிற்கிறது என்று பொருள். முதல் நான்கைந்து ஃப்ரெட் முழுவதும் கணகணத்தால் நெக் மிகவும் நேராகவோ பின்னோக்கி வளைந்தோ இருக்கிறது. மேல் ஃப்ரெட்களில் மட்டும் என்றால் தந்தி உயரம் போதவில்லை. பயன்படுத்திய கிட்டாராக இருந்தால் ஃப்ரெட்டின் உச்சியில் தந்தி பதித்த பள்ளங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். ஃப்ரெட் உயரம் சுமார் 0.6 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் இனி தேய்த்துச் சமப்படுத்த இடமில்லை, முழுவதும் மாற்ற வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

பிறகு மல்டிமீட்டர். கிட்டாரில் கேபிளைச் செருகி, வால்யூமையும் டோனையும் முழுதாகத் திறந்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் உடலுக்கும் இடையே 20 கிலோ ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். சுவிட்சை ஒவ்வொரு பிக்கப்பாக மாற்றுங்கள். பழைய பாணி ஸ்ட்ராட் பிக்கப் 5.5 முதல் 6.5 கிலோ ஓம் காட்டும். பழைய பாணி ஹம்பக்கர் 7 முதல் 8.5. அதிக ஒலிக்காகச் சுற்றப்பட்ட புதிய பிக்கப்புகள் 12, 15 என்றுகூடப் போகும், அதில் தவறில்லை. ஹம்பக்கர் சுமார் 4 மட்டும் காட்டினால் அதில் ஒரு சுருள்தான் வேலை செய்கிறது. மீட்டர் அளவு தாண்டிவிட்டது என்று காட்டினால் 2 மெகா ஓம் அளவுக்கு மாற்றிப் பாருங்கள். 250 அல்லது 500 கிலோ ஓம் என்று வந்தால் நீங்கள் அளப்பது வால்யூம் கன்ட்ரோலை மட்டும்தான், பிக்கப்பின் சுருள் அறுந்துவிட்டது. ஆக்டிவ் பிக்கப்புக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

குமிழைத் திருப்பும்போது வரும் 'கரகர' சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு இருபது முறை திருப்பினால் பெரும்பாலும் போய்விடும். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே கூடாது, அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மூன்றாம் படி: செட்டப்

ஒரு நல்ல செட்டப், சாதாரண கிட்டாரை வாசிக்க இன்பமாக மாற்றும். அது இல்லாவிட்டால் எவ்வளவு அரிய பழைய கிட்டாரும் கையை வலிக்க வைக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் பணத்தைக் கொட்டும் பல இடங்களில் உண்மையான தேவை இதுதான். வரிசை முக்கியம், ஏனென்றால் ஒவ்வொரு மாற்றமும் அடுத்ததைப் பாதிக்கும்.

1. வாசிக்கப்போகும் தடிமனிலேயே புதிய தந்திகளைப் போடுங்கள். ஃபெண்டர் வகையின் 25.5 அங்குலத் தந்தி நீளத்துக்கு 9-42 தொகுதியும், கிப்சன் வகையின் 24.75 அங்குலத்துக்கு 10-46 தொகுதியும் நல்ல தொடக்கம். நீளம் குறைந்தால் இழுவிசையும் குறையும், அதனால் கிப்சன் வகையில் சற்றுத் தடித்த தந்தியும் விரலுக்கு இதமாகவே இருக்கும். தலையிலுள்ள ட்யூனர் திருகாணியில் இரண்டு மூன்று சுற்றுகள் போதும். ஒவ்வொரு தந்தியையும் விரலால் மெல்ல இழுத்துவிட்டு, மீண்டும் சுருதி சேருங்கள். சுருதி நிற்கும் வரை திரும்பச் செய்யுங்கள்.

2. நெக்கின் குழிவை அளவிடுங்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, தடித்த தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்துங்கள். 8-ஆவது ஃப்ரெட்டின் உச்சிக்கும் தந்தியின் அடிக்கும் இடையே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) செருகிப் பாருங்கள். குறுக்கு வளைவின் ஆரம் 9.5 முதல் 12 அங்குலம் உள்ள ஃப்ரெட்போர்டுக்கு (ஃப்ரெட் பதித்த பலகை) 0.25 மி.மீ., பழைய பாணி 7.25 அங்குல வளைவுக்கு 0.3 மி.மீ. என்பது ஃபெண்டர் தரும் அளவு. இடைவெளி அதிகமென்றால் டிரஸ் ராட் நட்டை வலப்பக்கம் திருப்புங்கள், குறைவென்றால் இடப்பக்கம். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பியதும் சுருதி சேர்த்து, மறுபடி அளந்து பாருங்கள். மரம் மெதுவாகத்தான் நகரும், சில நேரம் மறுநாள்தான் முழு மாற்றம் தெரியும்.

இந்த இடத்தில்தான் கிட்டார்கள் பாழாகின்றன. சரியான அளவு ஆலன் கீ இல்லாமல் திருப்பினால் நட்டின் உட்பக்கம் உருண்டுவிடும். மில்லிமீட்டர் கீயும் அங்குலக் கீயும் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றல்ல. பழைய கிட்டாரில் நட் அசையவில்லை என்றால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள். முதலில் அரைச் சுற்று தளர்த்திப் பாருங்கள், தளர்ந்தால் பிறகு இறுக்கலாம். தளரவும் இல்லையென்றால் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். பழைய ஃபெண்டர்களில் இந்த நட் நெக்கின் அடியில் இருக்கும், திருப்ப நெக்கையே கழற்ற வேண்டும்.

3. தந்தி உயரம். 17-ஆவது ஃப்ரெட்டில் அளவுகோல் வைத்து, பிரிட்ஜில் தந்தி ஏறி நிற்கும் சேடிலின் திருகுகளால் சரிசெய்யுங்கள். பொதுவான தொடக்க அளவு 1.6 மி.மீ., 7.25 அங்குல வளைவுக்கு 2 மி.மீ. இந்தப் பழைய வளைவில் உயரத்தைக் குறைத்தால், மேல் ஃப்ரெட்களில் தந்தியை வளைக்கும்போது ஒலி திடீரென அடைத்துக்கொள்ளும். வளைத்த தந்தி ஃப்ரெட்போர்டின் நடு மேட்டில் மோதுவதே காரணம். கிட்டாரில் குறையில்லை, அந்த வளைவின் இயல்பு அப்படி. தந்தியை நிறைய வளைத்து வாசிக்க விரும்புபவர் 12 அங்குலத்தையோ, தலையிலிருந்து உடல் வரை மெல்லத் தட்டையாகும் புதிய வகை வளைவையோ தேர்ந்தெடுக்கலாம்.

4. ஒவ்வொரு தந்தியிலும் 12-ஆவது ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) அதே ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரத்தையும் ட்யூனர் கருவியில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னே தள்ளித் தந்தியின் நீளத்தைக் கூட்டுங்கள், இறங்கியிருந்தால் முன்னே கொண்டுவாருங்கள். பழைய தந்தியில் இதைச் செய்வது வீண்.

5. பிக்கப் உயரம். கடைசி ஃப்ரெட்டில் அழுத்தி, காந்த முனைக்கும் தந்திக்கும் இடையே அளக்கவும். பழைய பாணி சிங்கிள் காயிலுக்குத் தடித்த தந்திப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. ஹம்பக்கருக்குப் பிரிட்ஜில் 1.6, நெக்கில் 2.4 மி.மீ. அளவில் தொடங்கிக் காதால் முடிவு செய்யுங்கள். ஸ்ட்ராட்டின் நெக் பிக்கப்பை அதிகம் உயர்த்தினால் காந்தம் தந்தியையே இழுக்கும். தடித்த தந்தி மேல் ஃப்ரெட்களில் இரண்டு சுருதி கலந்ததுபோல் அலையும். ட்யூனரிலும் நிற்காது. பிக்கப்பை இறக்கினால் சரியாகிவிடும்.

சுருதி அடிக்கடி விலகினால் பலரும் ட்யூனரைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி, தலைப்பக்கம் தந்திகள் பள்ளங்களில் படுத்துச் செல்லும் நட் (டிரஸ் ராட் நட் அல்ல). சுருதி ஏற்றும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டால் தந்தி நட்டின் பள்ளத்தில் சிக்கி விடுபடுகிறது. பென்சில் கரியைப் பள்ளத்தில் தேயுங்கள். முன்னேற்றம் தெரிந்தால் பள்ளத்தை அகலப்படுத்தவோ வழவழப்பான நட் மாற்றவோ பழுதுபார்ப்பவரிடம் கேளுங்கள். மோட்டார் ட்யூனர் தீர்க்க முயன்ற சிக்கலில் பெரும்பகுதி இந்தச் சிறு பள்ளத்தில்தான் இருக்கிறது.

கிட்டாரிலேயே ஏற்கத்தக்க புதுமைகள்

லாக்கிங் ட்யூனர் நல்ல செலவு. தந்தியைச் சுற்றத் தேவையில்லை, பிடித்துப் பூட்டிவிடும். தந்தி மாற்றும் நேரம் பாதியாகும். கூடுதல் துளை போடாமல் பொருந்தும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், பழைய ட்யூனரைப் பத்திரமாக வையுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃப்ரெட் எளிதில் தேயாது. தந்தியை வளைக்கும்போது வழுக்கிக்கொண்டு போகும். கடினமான உலோகம் என்பதால் எல்லாப் பழுதுபார்ப்பவர்களும் அதைத் தொட விரும்ப மாட்டார்கள். வறுத்த மேப்பிள் நெக் சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற கடற்கரை ஊர்களுக்குப் பொருத்தம். அதிக வெப்பத்தில் பதப்படுத்திய மரம் காற்றின் ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது, மழைக்காலத்தில் நெக் குறைவாகவே நகரும்.

ஃப்ளாய்ட் ரோஸ் வகை மிதக்கும் பூட்டு ட்ரெமோலோவை (தண்டால் பிரிட்ஜை அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் அமைப்பு) முதல் கிட்டாரில் தவிர்ப்பது நல்லது. ஒரு தந்தி அறுந்தால் ஆறும் சுருதி விலகும், தந்தித் தடிமனை மாற்றினால் பின்புற ஸ்பிரிங்குகளை மறுபடி சமன்செய்ய வேண்டும். சாதாரண ஸ்ட்ராட் ட்ரெமோலோ போதும். அதன் பின்விளிம்பு உடலிலிருந்து 3 மி.மீ. அளவு தூக்கி நிற்கும்படி ஸ்பிரிங் திருகுகளைச் சரிசெய்யலாம், அல்லது முழுவதும் இறுக்கி உடலோடு ஒட்டவைக்கலாம்.

நான்காம் படி: ஒலி வெளியே வரும் வழி

இங்கேதான் புதுமையைத் தயங்காமல் ஏற்க வேண்டும். லைன் 6 நிறுவனத்தின் பாட் மாடலர் 1998-இல் வந்தபோது மாடலிங் ஒலி விளையாட்டுப் பொருள் மாதிரி இருந்தது என்பார்கள். கெம்பர், ஹீலிக்ஸ், குவாட் கார்டெக்ஸ் போன்ற மாடலர்கள் வரை வந்த பிறகு, பதிவில் கேட்டு ட்யூப் (வெற்றிடக் குழாய்) ஆம்பா மாடலரா என்று பிரித்துச் சொல்வது தேர்ந்த காதுக்கும் கடினம். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் இலவசம். உண்மையான ஆம்புகளைப் படம்பிடித்ததுபோல் பதிவுசெய்த கோப்புகள் அதற்கு ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்பவருக்கு 22 வாட் ட்யூப் ஆம்ப் எந்த வகையிலும் பயன்படாது. அது இனிக்கத் தொடங்கும் சத்தத்தில் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டிவிடுவார்கள்.

கணினி இருந்தால் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸும் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஹெட்ஃபோனும் போதும். செய்ய வேண்டியவை: கிட்டாரைச் செருகும் துளையில் 'இன்ஸ்ட்ருமென்ட்' பொத்தானை அழுத்துங்கள். அந்த நிலையில் உள்ளீட்டு மின்தடை சுமார் 1 மெகா ஓம். லைன் உள்ளீட்டில் அது பத்து கிலோ ஓம் அளவுதான், பிக்கப்பின் உயர் ஒலிகளை விழுங்கிவிடும். கிட்டார் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் இதுதான் காரணம். பலமாக அடிக்கும்போதும் சிவப்பு விளக்கு எரியாதபடி கெயினை வையுங்கள். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும் ஆசியோ டிரைவரையே பயன்படுத்துங்கள், 48 கிலோ ஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 128 அல்லது 64. பஃபர் 128 என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லி செகண்ட். போய்வரும் மொத்தத் தாமதம் 10 மில்லி செகண்டுக்குள் இருந்தால் விரல் உணராது. ஆம்பிலிருந்து 3.4 மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதும் அதே தாமதம்தான். புளூடூத் ஹெட்ஃபோன் மட்டும் வேண்டாம். அதன் தாமதம் பெரும்பாலும் 100 மில்லி செகண்டைத் தாண்டும், தாளத்தோடு சேர்ந்து வாசிக்கவே முடியாது.

டிஸ்டார்ஷன் போட்டதும் தேனீக்கூட்டம் மாதிரி இரைந்தால், ஸ்பீக்கர் பெட்டியின் மாதிரி சேரவில்லை. கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக மங்கிவிடும், அந்த வடிகட்டல் இல்லாத ஒலி காதைக் கிழிக்கும். மாடலில் ஸ்பீக்கர் பெட்டிக் கோப்பு ஒன்றை ஏற்றுங்கள். மறுபுறம், மாடலரை உண்மையான கிட்டார் ஆம்பில் செருகும்போது அதை அணைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் இரண்டு ஸ்பீக்கர் வழியாக வடிகட்டி ஒலி செத்துப்போகும்.

பழைய பெடலும் புதிய பெடலும் ஒரே பலகையில்

1966-இல் வந்த ஃபஸ் ஃபேஸ் போன்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வைத்த, ஒலியைக் கரகரப்பாகச் சிதைக்கும் ஃபஸ் பெடல்களின் ஒலியை இன்றும் பலர் தேடுகிறார்கள். தகுதியான தேடல்தான், ஆனால் நிபந்தனைகள் உண்டு. இந்தப் பெடல் கிட்டாரின் சாதாரண பிக்கப்பை நேரடியாகப் பார்க்க வேண்டும். இடையில் வயர்லெஸ், சைகையை வலுப்படுத்தும் பஃபர் சுற்று உள்ள ட்யூனர் பெடல், ஆக்டிவ் பிக்கப் எது வந்தாலும் ஒலி முள்ளாகக் குத்தும். கிட்டார் வால்யூமைக் குறைத்து ஒலியைச் சுத்தப்படுத்தும் அழகும் போய்விடும். எனவே வரிசையில் முதலிடம் ஃபஸ்ஸுக்கே.

இரண்டாவது, பழைய பாணிச் சுற்றில் நேர்முனைதான் எர்த். மற்றப் பெடல்கள் எதிர்முனை எர்த். ஒரே அடாப்டரிலிருந்து கிளைகளாகப் பிரித்துக் கொடுத்தால் ஷார்ட் ஆகும். இதற்குத் தனி பேட்டரி கொடுங்கள். மூன்றாவது வெப்பம். ஜெர்மானியம் டிரான்சிஸ்டரின் கசிவு மின்னோட்டம் சூட்டோடு ஏறும். மே மாத வெயிலில் திறந்தவெளி மேடையில் ஒலி விட்டுவிட்டு வரும், அல்லது செத்துக் கிடக்கும். மேடைக்கென்றால் சிலிக்கான் வகை நம்பகமானது.

டிஜிட்டல் டிலே (எதிரொலி), ரிவெர்ப் (அறை முழக்கம்) பெடல்கள் 300 முதல் 500 மில்லி ஆம்பியர் வரை கேட்கும். அனலாக் பெடலுக்கு 5 முதல் 20 போதும். இரண்டையும் ஒரே கம்பியில் கோத்தால் மெல்லிய 'கீ' சத்தம் சேர்ந்து வரும். ஒவ்வொரு வழியும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளை வாங்குவது, இன்னொரு பெடல் வாங்குவதைவிட முக்கியம்.

ஐந்தாம் படி: உண்மையிலேயே பழையது வாங்குவதென்றால்

ஃபெண்டர் நிறுவனம் 1965 ஜனவரியில் அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சி.பி.எஸ். கைக்கு மாறியது. அதற்கு முந்தைய கிட்டார்களும், 1958 முதல் 1960 வரையிலான சன்பர்ஸ்ட் லெஸ் பால்களும் சேகரிப்பாளர்களின் உலகம், வாசிக்கத் தொடங்குபவருக்கு அங்கே வேலை இல்லை. பழைய கிட்டார்தான் வேண்டும் என்பவருக்கு ஜப்பானியத் தயாரிப்புகள் நல்ல வழி. 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் கிரெக்கோ, டோக்காய், ஐபனீஸ் பெயர்களில் வந்தவையும், 1982-இல் தொடங்கிய ஃபெண்டரின் ஜப்பான் ஸ்குவையர்களும் மரத்திலும் கைவேலையிலும் தரமானவை.

பழையது என்று சொல்லி விற்பவரிடம் பார்க்க வேண்டியவை சில. சீரியல் எண் மட்டும் போதாது. அமெரிக்கக் கிட்டார்களின் வால்யூம் கன்ட்ரோலின் பின்புறம் எண் குத்தியிருக்கும். 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல் தயாரிப்பு. 1376532 என்றால் 65-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். அந்தக் கன்ட்ரோல் பிறகு மாற்றப்படாதது என்றால், கிட்டார் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. அதற்குப் பிந்தையதாக இருக்கலாம். சால்டர் புள்ளிகள் மங்கிச் சீராக இருக்கின்றனவா, ஒன்றிரண்டு மட்டும் புதிதாகப் பளபளக்கின்றனவா என்று பாருங்கள்.

இருட்டறையில் புற ஊதா டார்ச் அடியுங்கள். வயதான நைட்ரோ செல்லுலோஸ் பூச்சு மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். பிற்காலத்தில் பூசிய இடங்கள் கருத்துத் தனியாகத் தெரியும். கிப்சனில் நெக் தலையோடு சேரும் இடத்தைக் கவனமாகப் பாருங்கள். சாய்ந்த தலையும், அங்கேயே குடைந்த டிரஸ் ராட் குழியும் சேர்ந்து அந்த இடத்தைப் பலவீனமாக்குகின்றன. கீழே விழுந்தால் முதலில் உடைவது அங்கேதான். நன்றாக ஒட்டிய உடைவு வாசிப்பைக் கெடுக்காது, ஆனால் சந்தை விலையைப் பாதி வரைகூடக் குறைத்துவிடும். மறுபூச்சுக்கும் இதே நிலை. வாசிக்க வாங்குபவருக்கு இது நல்ல செய்தி: சேகரிப்பாளர் ஒதுக்கிய கிட்டார் உங்களுக்குக் கட்டுப்படியாகும்.

அமெரிக்காவிலிருந்து வரும் பழைய ட்யூப் ஆம்ப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அது 110-120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும், ஆம்பின் பின்தட்டில் எழுதியுள்ள வாட்டைப்போல இரு மடங்கு திறனில். மலிவானவற்றில் எர்த் துளையே இருக்காது, அவை வேண்டாம். 1960களின் ஆம்புகள் பலவற்றில் இரண்டு பின் பிளக்கும், மின்வழிக்கும் உடலுக்கும் இடையே ஒரு கெப்பாசிட்டரும் இருக்கும். அது பழுதானால் தந்தியைத் தொட்ட கையும் மைக்கைத் தொட்ட உதடும் மின்வழியாகிவிடும். தகுதியான மெக்கானிக்கிடம் கொடுத்து அந்தக் கெப்பாசிட்டரை நீக்கி, மூன்று பின் எர்த் கம்பி போட்ட பிறகே பயன்படுத்துங்கள். மேடையில் எந்த ஆம்பாக இருந்தாலும் தந்திக்கும் மைக்கின் வலைக்கும் இடையே மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஒருமுறை பாருங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வாசிக்காதீர்கள். ஆம்பின் பின்பக்கத்தை நீங்களாகத் திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட் அளவு தேங்கியிருக்கலாம். ஸ்பீக்கர் இணைக்காமல் ட்யூப் ஆம்பை ஓட்டவும் கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

நாடு தாண்டி வாங்குபவர் மரத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 1960களின் நடுப்பகுதி வரை பல அமெரிக்கக் கிட்டார்களின் ஃப்ரெட்போர்டு பிரேசில் ரோஸ்வுட். அந்த மரம் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, அனுமதிச் சான்று இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல் ஆகலாம். அதன் இடத்துக்கு வந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் ஈட்டி, அதாவது தோதகத்தி. ரோஸ்வுட் இனம் முழுவதும் 2017-இல் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. 2019 நவம்பரில் முழுமையான இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு இல்லை.

வீட்டில் வைக்கும்போது

ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருக்கும்படி பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரமானியும் வையுங்கள். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் மெல்லிய சூட்டில் உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். வாசித்த பிறகு தந்திகளை உலர்ந்த பருத்தித் துணியால் மேலும் கீழும் துடையுங்கள். வியர்வை அதிகமுள்ளவருக்குப் பூச்சிட்ட தந்தி விலைக்கு ஏற்ற ஆயுள் தரும். பழைய கிட்டாரின் பிக்கார்டு (உடலின் மேல் திருகிய காப்புத் தகடு) சுருங்கி ஓரம் தூக்கினால் திருகை இறுக்கி மடக்கப் பார்க்காதீர்கள், செல்லுலாய்டு விரிசல் விடும். நைட்ரோ பூச்சுள்ள கிட்டாரை ரப்பர் அல்லது ஃபோம் வைத்த ஸ்டாண்டில் நாள்கணக்கில் விடக்கூடாது. ரப்பரில் உள்ள வேதிப்பொருள் பூச்சை இளக்கி ஒட்டிக்கொள்ளும். ஸ்டாண்டின் கைகளில் பழைய பருத்தி வேட்டித் துண்டைச் சுற்றிவிட்டால் போதும். ஆக்டிவ் பிக்கப் கிட்டாரை ஒரு மாதத்துக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கசிந்த பேட்டரி அரித்த முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்வது எளிதல்ல.